யார் முதலாளி? சட்டம் கேட்கும் கேள்வி

ஒரு சட்டம் தொழிலாளிக்கு நன்மை செய்ய வேண்டுமானால், முதலில் அவர் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். சம்பளம், ஓய்வு நாள், பிரசவ விடுமுறை, சேமநிதி, விபத்துக் காப்பு எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. வாசற்படியிலேயே மறித்து, “நீ தொழிலாளி அல்ல, காண்டிராக்டர்” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால், உள்ளே எத்தனை வகைப் பதார்த்தம் பரிமாறியிருந்தாலும் அவருக்கு என்ன பயன்?

இந்தக் கேள்வியை நாம் எழுப்பக் காரணம் உண்டு. கடந்த சில ஆண்டுகளில் இந்நாட்டின் தொழிற்சட்டங்கள் பெரிதும் மாறியிருக்கின்றன. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1ஆம் தேதி அமலுக்கு வந்தன. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. மனைவி பிள்ளை பெற்றால் கணவருக்குச் சம்பளத்துடன் 7 நாள் விடுமுறை கிடைத்தது. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கான 60 நாள், சாதாரண நோய் விடுமுறையில் சேராமல் தனியாக நின்றது. கட்டாய வேலை வாங்குவது இச்சட்டத்தின் கீழேயே குற்றமாயிற்று. 1 லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே என்று தண்டனை வைக்கப்பட்டது. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாயிற்று; ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருப்பவர்களையும் அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் அது கட்டுப்படுத்தியது.

இவை சிறிய காரியங்கள் அல்ல. நாமும் மகிழ்கிறோம். ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை மறந்துவிட முடியாது. மேலே சொன்ன பட்டியலில் சேராத, பத்திரிகைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு அதே திருத்தத்தில் இருக்கிறது. அதன் எண் 101சி. தோட்டத் தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாததும் அந்த ஒரு பிரிவைப் பொறுத்தது என்று நாம் சொல்லுவோம். ஏன் என்று பார்ப்போம்.

வேலைச் சட்டம் 1957 ஜூன் 1ஆம் தேதி, மலாயா சுதந்திரம் பெறுவதற்கு மூன்று மாதம் முன்பு, நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் இயற்றப்படுவதற்கு முந்திய ஆண்டில், 1954இல்தான், தனித்தனியே கிடந்த தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் பல ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. அக்காலத்துத் தோட்டப் பாட்டாளியை மனத்தில் வைத்து எழுதிய வரிகள் அச்சட்டத்தில் உண்டு. அதன் 16ஆம் பிரிவைப் பாருங்கள். தோட்டத்தில் நாள் கணக்கில் சம்பளம் பெறும் தொழிலாளிக்கு மாதம் 24 நாளுக்குக் குறையாமல் நிர்வாகம் வேலை கொடுக்க வேண்டும்; அவர் வேலைக்குத் தயாராகவும் உடல் நலத்தோடும் இருந்து, நிர்வாகம் வேலை கொடுக்காவிட்டால், அந்த நாளுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். 7ஆம் பிரிவு, சட்டம் தருவதைவிடக் குறைவாக எழுதிய எந்த நிபந்தனையும் செல்லாது என்கிறது. 8ஆம் பிரிவு, சங்கத்தில் சேரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதைத் தடுக்கிறது.

இத்தனை நல்ல வரிகள் இருந்தும் அவற்றிலிருந்து தப்பிக்க வழி எது? மிகவும் சுலபமான வழி ஒன்றுதான். தொழிலாளியைத் தொழிலாளி என்று அழைக்காமல் விட்டுவிடுவது! நாள் சம்பளத்தைக் கிலோ கணக்காக்கு. பெரட்டுப் புத்தகத்திலிருந்து பெயரை எடுத்து ஒப்பந்தக்காரரின் குறிப்புப் புத்தகத்துக்கு மாற்று. “இவர்கள் எங்கள் ஆட்கள் அல்லர்” என்று நிர்வாகம் சொல்லட்டும். மரம் அதே மரம். உளி பிடிக்கும் கை அதே கை. பால் போய்ச் சேரும் ஸ்டோரும் அதே ஸ்டோர். மாறியது பெயர் மட்டுமே.

இது நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன்மார் கங்காணியின் கீழ் வேலை செய்தவர்கள். ஆளைத் திரட்டிக் கொண்டு வருபவன் ஒருவன், வேலைக்கு இறங்கும் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்குபவன் அவனே, கடன் கொடுத்துக் கட்டி வைப்பவனும் அவனே. தொழிலாளிக்கும் துரைக்கும் நடுவே அவன் நின்றான். 1950களிலும் 60களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, நடுவில் நிற்கும் மனிதர் காண்டிராக்டர் என்ற பெயரில் பெருகினார். இன்று அவர் ஏஜெண்டு என்ற பெயரில் கம்பெனி அட்டையோடு வருகிறார். நடுவில் ஒருவர் நிற்கும்போதெல்லாம் தொழிலாளி கேட்கும் கேள்வி ஒன்றே: என் முதலாளி யார்?

101சி பிரிவு அந்தக் கேள்விக்குத்தான் விடை சொல்லப் பார்க்கிறது. இச்சட்டத்தின் கீழ் ஒரு குற்ற வழக்கு நடக்கிறது. எழுத்து மூலமான வேலை ஒப்பந்தம் இல்லை. அப்போது என்ன செய்வது? ஒருவருடைய வேலை செய்யும் முறை மற்றவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? வேலை நேரத்தை மற்றவர் நிர்ணயிக்கிறாரா? கருவியும் சாமானும் மற்றவர் கொடுத்தவையா? அவருடைய வேலை மற்றவரின் தொழிலில் பிரிக்க முடியாத அங்கமா? வேலையின் பயன் முழுவதும் மற்றவருக்கே சேருகிறதா? தவணை தவறாமல் பணம் கொடுக்கப்பட்டு, அதுவே அவரது வருமானத்தின் பெரும்பகுதியாக இருக்கிறதா? இவற்றுள் ஒன்றுக்கு ஆம் என்ற விடை வந்தால், அவர் தொழிலாளி, மற்றவர் முதலாளி என்றே கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று சொல்பவர் அதை நிரூபிக்க வேண்டும்.

இந்த ஆறு கேள்விகளையும் பால்வெட்டும் ஒருவரிடம் கேட்டுப் பார்ப்போம். எந்த நிரையை எந்த நாளில் வெட்டுவது என்று தீர்மானிப்பவர் யார்? பட்டை அதிகம் போனாலும் மரத்தில் காயம் பட்டாலும் கண்டிப்பவர் யார்? விடியுமுன் இத்தனை மணிக்கு இறங்க வேண்டும் என்று சொல்பவர் யார்? மங்கும் வாளியும் யாருடையவை? பால் இல்லாமல் ரப்பர்த் தோட்டம் என்று ஒன்று உண்டா? அந்தப் பால் யாருடைய லாரியில் ஏறுகிறது? வீட்டு அரிசிக்கு அவர் நம்பியிருப்பது யார் கொடுக்கும் பணத்தை? ஒரு கேள்விக்கல்ல, பெரும்பாலானவற்றுக்கும் விடை ஒரே திசையைத்தான் காட்டும்.

பெயரைப் பாராதே, நடப்பதைப் பார் என்ற இந்த நியாயம் உலகம் ஒப்புக்கொண்ட நியாயமாகும். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2006இல் வெளியிட்ட 198ஆம் பரிந்துரை, வேலை உறவு உண்டா இல்லையா என்பதை வேலை நடக்கும் விதத்தைக் கொண்டே முதன்மையாக முடிவு செய்ய வேண்டும் என்றது. 2021 பிப்ரவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், ஊபர் நிறுவனத்துக்குக் கார் ஓட்டுபவர்கள் சொந்தத் தொழில் செய்பவர்கள் என்ற வாதத்தைத் தள்ளி, அவர்களுக்குத் தொழிலாளரின் உரிமைகள் உண்டு என்று தீர்ப்பளித்தது. லண்டன் தெருவில் கார் ஓட்டுபவருக்கு உள்ள நியாயம் நிபோங் திபாலில் மரம் வெட்டுபவருக்கு இல்லாமல் போகுமா?

இனி, பெயர் மாறியதால் இழப்பது எவ்வளவு என்று வெள்ளிக் கணக்கில் பார்ப்போம். மாதம் 1,700 வெள்ளி சம்பளம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி கட்ட வேண்டிய சேமநிதிப் பங்கு நூற்றுக்கு 13. அது மாதம் 221 வெள்ளி. ஆண்டுக்கு 2,652 வெள்ளி. பத்தாண்டில், இலாப ஈவைச் சேர்க்காமலே, 26,520 வெள்ளி. தோட்டம் விற்கப்பட்டு வேலை போனால், 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் நஷ்டஈடு. வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்குக் குறைந்தபட்ச நாள் சம்பளம் 65 வெள்ளி 38 காசு என்றால், பத்தாண்டு உழைத்தவருக்கு 200 நாளுக்கு 13,076 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 39,596 வெள்ளி. ஒரு மகளின் படிப்பு, ஒரு சிறு வீட்டுக்கு முன்பணம், அல்லது முதுமையில் பிறர் கையை எதிர்பாராத கஞ்சி இதில் அடங்கியிருக்கிறது. “நீ காண்டிராக்டர்” என்ற ஒரு சொல்லின் விலை இவ்வளவு!

பெண் தொழிலாளியின் நிலைமை இன்னும் கவனிக்கத் தக்கது. பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அதே முதலாளியிடம் வேலை செய்திருந்தால்தான் பிரசவப் படி கிடைக்கும். கணவரின் 7 நாள் விடுமுறைக்கோ ஒரே முதலாளியிடம் 12 மாத வேலை வேண்டும். வேலை நீக்க நஷ்டஈட்டுக்கும் 12 மாதத் தொடர்ச்சி வேண்டும். இப்பொழுது யோசித்துப் பாருங்கள். அதே தோட்டத்தில், அதே நிரையில் ஒருவர் வெட்டுகிறார். ஒப்பந்தக்காரரின் பெயர் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறது. தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று சொல்ல ஒரு சாக்குப் பிறக்கிறது. அவர் எவ்வளவு காலம் உழைத்தாலும் முதல் நாள் வேலைக்கு வந்தவராகவே இருக்கிறார். 98 நாள் என்பது அவருக்கு வானத்து நிலவு.

முதலாளிமார் தரப்பையும் கேட்க வேண்டும். ரப்பர் விலை ஏறி இறங்குகிறது. விலை விழுந்த மாதத்தில் நிரந்தரச் சம்பளம் எப்படிக் கொடுப்பது என்கிறார்கள். சிறு தோட்டங்களில் பால்வெட்டுபவரே விரும்பிப் பங்கு முறைக்கு வருகிறார் என்கிறார்கள். இரண்டாவது வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. நாலைந்து ஏக்கர் வைத்திருக்கும் ஒரு கிழவரிடம் மரத்தைப் பங்குக்கு வாங்கி, தம் விருப்பம்போல் வெட்டி, தாமே விற்றுப் பங்கு பிரித்துக் கொள்பவரை யாருக்கும் கூலியாள் என்று நாம் சொல்ல மாட்டோம். சட்டமும் சொல்லவில்லை, மறுப்பவருக்கு நிரூபிக்க இடம் கொடுக்கிறது. ஆனால் முதல் வாதத்தை நாம் ஏற்க இயலாது. விலை ஏறிய காலத்தில் இலாபம் கம்பெனிக்கு; விலை இறங்கிய காலத்தில் நஷ்டம் பால்வெட்டுபவருக்கு என்றால் அது என்ன நீதி? குறைந்தபட்சச் சம்பள உத்தரவு இதற்கும் பதில் சொல்லியிருக்கிறது. கிலோ கணக்கிலோ துண்டு வேலைக் கணக்கிலோ மட்டும் கூலி பெறும் தொழிலாளிக்கும் மாதம் 1,700 வெள்ளிக்குக் குறையக் கூடாது என்பது அந்த உத்தரவு.

பினாங்கு மாநிலத்தில் இருந்து கொண்டு இதை எழுதும்போது, தோட்டம் எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். செபராங் பிறையில் நம்மவர் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்க் கட்டடம் வந்துவிட்டது. பத்து கவான் தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று தொழிற்பேட்டை நிற்கிறது. 2014இல் திறந்த இரண்டாவது பாலம் அங்கே வந்துதான் கரை சேருகிறது. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்துக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போனார்கள். தோட்டம் மறைந்தது உண்மை. நடுவில் நிற்பவர் மறைந்தாரா? இல்லை. ஆலையின் சட்டை போட்டு, ஆலையின் இயந்திரத்தில் வேலை செய்து, ஆலை மேற்பார்வையாளரின் சொல் கேட்டு நடப்பவருக்குச் சம்பளச் சீட்டு ஏஜெண்டு கம்பெனியின் பெயரில் வருகிறது. ஆள் சப்ளை செய்யும் காண்டிராக்டர் தொழிலாளர் இலாகாவில் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டு போகும் இளைஞருக்காக 2025இல் நாடாளுமன்றம் தனியே ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதை வரவேற்கலாம். ஆனால் அந்த மூன்றாவது வகையைச் சாக்காக வைத்துத் தோட்டத்துப் பாட்டாளியையும் தொழிலாளி வரிசையிலிருந்து தள்ளிவிட இடம் தரக்கூடாது.

இன்னொன்றையும் மனம் விட்டுப் பேச வேண்டும். இன்று தோட்டங்களில் நம்மோடு வேலை செய்பவர்களில் பலர் இந்தோனேசியர், வங்காள தேசத்தவர், நேப்பாளியர். “அவர்களால்தான் நம் கூலி குறைந்தது” என்ற பேச்சு லயத்தில் கேட்கிறது. கூலியைக் குறைத்தது அவர்கள் கையா, அவர்களைச் சட்டத்துக்கு வெளியே வைத்த கையா? 2020இல் அமெரிக்கச் சுங்க இலாகா, கட்டாய வேலை நடக்கிறது என்ற காரணத்தால், இந்நாட்டின் இரண்டு பெரிய செம்பனைக் கம்பெனிகளின் எண்ணெயைத் தடுத்து நிறுத்திய பிறகு, இந்தக் கேள்வி உலக அரங்குக்கே போயிற்று. குறைந்தபட்சச் சம்பளம் அவர்களுக்கும் உண்டு. 2019 முதல் சொக்சோ பாதுகாப்பும், 2025 அக்டோபர் முதல் முதலாளியின் பங்காக நூற்றுக்கு 2 சேமநிதியும் அவர்களுக்கு வந்திருக்கின்றன. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, குடியுரிமைத் தாள் இல்லாத காரணத்தால் நம்மவர் எத்தனையோ பேர் வேலை இழந்து கப்பலேறினார்கள். தாளை வைத்து மனிதனை அளந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? சட்டம் அவருக்கும் எட்டினால்தான் நம் கூலி நிலைக்கும்.

இந்த இடத்தில் சங்கச் சட்டத்தின் மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். 2024 செப்டம்பர் 15 முதல், ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள்தான் ஒரு சங்கத்தில் சேரலாம் என்ற பழைய வரம்பு நீங்கியது. “காண்டிராக்டரின் ஆள் உங்கள் தொழிலைச் சேர்ந்தவர் அல்ல, அவரைச் சேர்க்கக் கூடாது” என்று இனித் தடை சொல்ல இடமில்லை. இது ஒரு வாசல். ஆனால் அதே வாசல் வழியாக ஒரே இடத்தில் இரண்டு சங்கம், மூன்று சங்கம் என்று பிரிவினையும் நுழையலாம். 1954இல் பல சங்கங்களை ஒன்றாக்கியவர்கள் பாடுபட்டது, நாம் மீண்டும் பலவாகச் சிதறுவதற்காக அல்ல. வாசலை நாம் ஒற்றுமைக்குப் பயன்படுத்தாவிட்டால், அடுத்தவர் பிரிவினைக்குப் பயன்படுத்துவார்.

ஆகவே தொழிலாளத் தோழர்கள் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு.

முதலாவது, படித்துப் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 101சி பிரிவு எழுத்து ஒப்பந்தம் இல்லாதவருக்குத் துணை நிற்பது. நீங்கள் “சுயேச்சைக் காண்டிராக்டர்” என்று எழுதிய தாளில் ஒப்பமிட்டுவிட்டால், அந்தத் துணையை நீங்களே தள்ளிவிட்டவர்கள் ஆவீர்கள். பிறகு உண்மையை நிலைநாட்டும் பாரம் உங்கள் தலையில் விழும். தாளைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, வெட்டிய இடம், கிலோ, கிடைத்த பணம், வேலை ஏவியவர் யார், மழையால் நின்ற நாள் எது என்று தினமும் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளைகள் எழுதட்டும். தொழிலாளர் இலாகாவில் அந்த நோட்டுப் புத்தகம் உங்களுக்காகப் பேசும்.

மூன்றாவது, நாளைக் கடத்தாதீர்கள். காண்டிராக்டர் சம்பளம் கொடுக்காமல் போய்விட்டால், 33ஆம் பிரிவின்படி, வேலையைக் கொடுத்த நிர்வாகமும் மூன்று மாதச் சம்பளம் வரை பொறுப்பாகும். ஆனால் சம்பளம் சேர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். நியாயமின்றி வேலை நீக்கினால் 60 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அத்தகைய புகார் சமரசத்தில் தீராவிட்டால், 2021 முதல் அது மந்திரியின் மேசையில் காத்துக் கிடக்காமல் தொழில் நீதிமன்றத்துக்குப் போகிறது.

சர்க்காருக்கும் நாம் ஒன்று சொல்லுவோம். தாளில் ஒரு பெயரை எழுதி 101சி பிரிவைத் தாண்டிப் போக வழி இருக்கும் வரை, அந்தப் பிரிவு பாதி வேலிதான். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குற்ற வழக்கானாலும் சம்பளப் புகாரானாலும், நடப்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று சட்டத்தில் தெளிவாக எழுதுங்கள். தோட்டங்களுக்குப் போகும் இலாகா அதிகாரிகள் நிர்வாகக் காரியாலயத்தோடு திரும்பிவிடாமல், காண்டிராக்டரின் குறிப்புப் புத்தகத்தையும் வாங்கிப் பார்க்கட்டும்.

வேலை செய்பவர் தொழிலாளி. வேலை வாங்கிப் பயன் அடைபவர் முதலாளி. இந்தச் சாதாரண உண்மையைச் சட்டம் ஒப்புக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று. அதை ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு ஆலையிலும் ஒப்புக்கொள்ள வைப்பது சங்கத்தின் வேலை. சங்கம் என்பது நாம்தான்.